புரோகிராமர்களின் குறிப்பேடுகள்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது "கம்ப்யூட்டர் துறையின் வளர்ச்சி" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. அந்தத் தலைப்பில் எல்லாக் கல்லூரி மலரிலும் ஒரு கட்டுரை வந்துவிடுகிறது. மணிச்சட்டத்தில் தொடங்கி, சார்லஸ் பாபேஜைத் தொட்டு, வருங்காலம் கணிப்பொறியின் கையில் என்று முடியும். நானும் அதையே எழுதினால் நம் நண்பர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேரே குரூப் போட்டோவுக்குப் போய்விடுவார்கள் என்று பயந்து, குழுவிடம் அனுமதி வாங்கி வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் உபயோகத்துக்கென்று எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகளின் சரித்திரம் அது. அவை எப்படிக் கைமாறின, எவை தப்பித்தன, எவை தொலைந்தன, எப்படி இண்டர்நெட்டில் ஏறின என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நானும் 1997 முதல் அப்படி ஒரு சேகரிப்பை இண்டர்நெட்டில் வைத்து வளர்த்து வருகிறேன் என்பதால் இதில் கொஞ்சம் சொந்த அக்கறையும் உண்டு.

வேறு துறைகளில் படித்த நண்பர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் பாடப்புத்தகத்தில் இருப்பது பாதி, இல்லாதது பாதி. ஒரு பிரிண்டர் ஏன் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியை மட்டும் விழுங்குகிறது, பிப்ரவரி 29-ஆம் தேதி மட்டும் வட்டிக் கணக்கு ஏன் உதைக்கிறது என்பதெல்லாம் எந்த மேனுவலிலும் இருக்காது. யாராவது ஒருத்தர் ரெண்டு ராத்திரி கண் விழித்துக் கண்டுபிடிப்பார். எழுதி வைத்தால் உண்டு. இல்லாவிட்டால் அவர் வேலை மாறிப் போகும்போது அதுவும் அவர் கூடவே கிளம்பிவிடும். அடுத்து வருகிறவர் மறுபடி ரெண்டு ராத்திரி கண் விழிக்க வேண்டியதுதான்.

இந்த எழுதிவைக்கும் பழக்கத்துக்கு ஒரு பிதாமகரைச் சொல்லச் சொன்னால் நான் ஹாலந்துக்காரர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவைத்தான் சொல்வேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்த எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறை அவருடையது. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியோடு கடைகடையாக ஏறி இறங்கிக் களைத்துப்போய், ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபோது, பேப்பர் பென்சில் இல்லாமல் இருபதே நிமிஷத்தில் மனசுக்குள் போட்டதாம் அது. அவரே சொல்லியிருக்கிறார். (நம் பிள்ளைகளுக்கு அதைப் பரீட்சையில் எழுதவே இருபது நிமிஷம் போதுவதில்லை.) மறு வருஷம் கல்யாணப் பதிவின்போது தொழில் என்ன என்ற கேள்விக்கு "புரோகிராமர்" என்றாராம். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று நகராட்சியில் மறுத்துவிட்டார்கள். கடைசியில் இயற்பியல் அறிஞர் என்று எழுதிக்கொண்டார்கள்.

இந்த டைக்ஸ்ட்ரா தமக்குத் தோன்றியதையெல்லாம் சிறு சிறு கட்டுரையாக எழுதி, தம் பெயரின் முதலெழுத்துகளான இ.டபிள்யூ.டி. என்பதைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் கொடுப்பார். ஆரம்பத்தில் டைப்ரைட்டரில் அடித்தார். பிற்பாடு பவுண்டன் பேனாவால் கைப்பட எழுதினார். முத்துமுத்தான எழுத்து, அடித்தல் திருத்தல் அபூர்வம். எழுதி முடித்ததும் ஜெராக்ஸ் எடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் தங்கள் நண்பர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். பத்திரிகை ஆசிரியர், பதிப்பாளர் என்று நடுவில் யாரும் கிடையாது. எல்லாமே கனமான கணித நிரூபணம் என்று எண்ணிவிட வேண்டாம். பயணக் குறிப்பு உண்டு, கோபம் உண்டு, அடுத்தவர் காலை வாருவதும் உண்டு. 831-ஆம் குறிப்பு 1982 ஆகஸ்டில் எழுதியது. எண்ணும்போது ஏன் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதன் விஷயம். அர்ரே ஏன் ஒன்றில் ஆரம்பிக்காமல் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது என்று லேபில் முழிக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். சில பக்கம்தான், படித்துப் பாருங்கள்.

2002 ஆகஸ்ட் 6-ல் அவர் காலமானபோது குறிப்புகளின் எண் 1300-ஐத் தாண்டியிருந்தது. அவர் 1984 முதல் பேராசிரியராக இருந்த ஆஸ்டின் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மூலம் அவை ஸ்கேன் செய்யப்பட்டு இண்டர்நெட்டில் ஏறின. யார் யாரோ உலகத்தின் மூலையில் உட்கார்ந்து, சம்பளம் இல்லாமல், ஒவ்வொன்றாக டைப் அடித்துக் கொடுத்தார்கள். டச்சு மொழியில் இருந்த சிலவற்றை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்கள். இத்தனைக்கும் அவர் இண்டர்நெட்டை மனதில் வைத்து ஒரு வரிகூட எழுதத் தொடங்கவில்லை. ஆனால் எண் போட்டிருந்தார், தேதி போட்டிருந்தார், பலர் கையில் பிரதி கொடுத்திருந்தார். எண் இருந்தால் என்ன லாபம் என்றால், எது காணோம் என்பது தெரியும். இந்த விஷயத்துக்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

டைக்ஸ்ட்ரா தனி ஆள். கூட்டாகவும் இப்படிச் செய்திருக்கிறார்கள். 1972 பிப்ரவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் தங்கள் தந்திரங்களையெல்லாம் வரிசை எண் போட்டு ஒரே அறிக்கையாகத் தொகுத்தார்கள். அதன் பெயர் ஹேக்மெம். அவர்கள் வைத்திருந்த பி.டி.பி. 10 மெஷினில் ஒரு ஃபைலின் பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்காகச் சுருக்கிய பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. எண்ணியல் புதிர், எலெக்ட்ரானிக் சர்க்யூட், ஒரு சொல்லில் எத்தனை பிட் ஒன்றாக இருக்கிறது என்று சட்டென்று எண்ணும் வழி என்று எல்லாம் கலந்து கிடக்கும். 23 வருஷம் கழித்து, 1995-ல், ஒருவர் அதை முழுக்க மறுபடி டைப் அடித்து இண்டர்நெட்டில் ஏற்றினார். 1975-ல் ஸ்டான்ஃபோர்டில் ரஃபேல் ஃபிங்கெல் தொடங்கிய ஜார்கன் ஃபைல் என்ற கம்ப்யூட்டர் கொச்சைச் சொல் அகராதியும் இதே மாதிரி கைக்குக் கை வளர்ந்து, பின்னாளில் அச்சுப் புத்தகமாகவும் வந்தது.

டொனால்ட் குனூத் செய்த காரியம் எனக்கு இன்னும் பிடிக்கும். கணிதப் புத்தகங்களை அழகாக அச்சுக்கோக்க அவர் 'டெக்' என்ற புரோகிராமை எழுதினார். 1978-ல் அதைச் சோதிக்க ஆரம்பித்த நாளிலிருந்து, அதில் கண்ட ஒவ்வொரு பிழையையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். 1989-ல் அந்தப் பட்டியலை அப்படியே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 850-க்கும் மேற்பட்ட பதிவுகள். உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் தாம் சறுக்கிய இடங்களை எண் போட்டு அச்சடித்துக் கொடுக்கிறார்! நம் ஊரில் ரெக்கார்டு நோட்டில் ஒரு அடித்தல் இருந்தால்கூட மறுபடி எழுதச் சொல்வார்கள்.

குறிப்புகள் கைமாறுவதைப் பற்றிப் பேசும்போது ஜான் லயன்ஸைச் சொல்லாமல் விட முடியாது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். யூனிக்ஸ் அப்போது பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கியிருந்த புத்தம் புது சரக்கு. அதன் ஆறாம் பதிப்பின் உள்கருவில் சுமார் 9,000 வரி. லயன்ஸ் அந்த வரிகளை எண் போட்டு ஒரு புத்தகமாகவும், ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற விளக்கத்தை இன்னொரு புத்தகமாகவும் தம் மாணவர்களுக்காக 1976-77-ல் தயார் செய்தார். ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உட்கார்ந்து படிக்கலாம் என்பதே அன்றைக்குப் புதுமை.

அப்புறம் 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வந்தது. அதன் லைசென்ஸில் மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக்கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டார்கள். லயன்ஸின் குறிப்புகளை அச்சுப் போடவும் வழியில்லாமல் போயிற்று. அதனால் என்ன, ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறதே! பிரதிக்குப் பிரதி, அதற்கும் பிரதி என்று உலகம் பூராவும் போயிற்று. சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நண்பர் ஒருவர் வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். எத்தனையாவது தலைமுறைப் பிரதியோ தெரியாது. ஓரத்து எழுத்தெல்லாம் வெளிறி, கமாவுக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சி மொழியில் அது பெரிய வித்தியாசம் ஆயிற்றே! "இதைப் படிக்கிறதே ஒரு டீபக்கிங்தான்" என்பார் அவர். ஒருவழியாக உரிமையாளர்களின் அனுமதியோடு 1996-ல் அது முறைப்படி புத்தகமாக வெளிவந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து லயன்ஸ் காலமானார். தம் குறிப்பை அச்சில் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

அந்தத் தடைக்கு இன்னொரு விளைவும் உண்டு. யூனிக்ஸைக் காட்டிப் பாடம் நடத்த முடியாது என்றானதும், ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர் மாணவர்களுக்கென்றே மினிக்ஸ் என்று தாமே ஒன்றை எழுதி 1987-ல் புத்தகத்தோடு வெளியிட்டார். அதை வாங்கித் தம் பி.சி.யில் போட்டு நோண்டிப் பார்த்த ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸைத் தொடங்கினார். வகுப்புக் குறிப்பை மறைத்து வைத்ததன் பலன் எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

இனி இண்டர்நெட். நாம் இன்று பார்க்கும் வலை பிறந்ததே குறிப்பு தொலைகிற பிரச்சினையில்தான். ஜெனீவா பக்கத்தில் செர்ன் என்ற அணு ஆராய்ச்சிக் கூடம். 1980-ல் டிம் பெர்னர்ஸ் லீ அங்கே ஆறு மாத ஒப்பந்த வேலைக்குப் போனார். யார் எந்தப் புரோகிராமை எழுதினார்கள், அது எந்த மெஷினில் ஓடுகிறது என்று நினைவு வைத்துக்கொள்ள முடியாமல், தம் சொந்த உபயோகத்துக்காக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டார். ஒரு குறிப்பிலிருந்து தொடர்புள்ள இன்னொரு குறிப்புக்குத் தாவலாம். அதன் பெயர் என்கொயர். ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது அதை எட்டு அங்குல ஃபிளாப்பியில் போட்டு அங்கேயே கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஃபிளாப்பி தொலைந்துவிட்டது! குறிப்புகள் தொலையாமல் இருக்க எழுதிய புரோகிராமே தொலைந்துபோயிற்று. ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு இடத்தில்.

பிறகு செர்னுக்கே திரும்பி வந்தவர், 1989 மார்ச்சில் மேலதிகாரியிடம் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். ஆட்கள் சராசரியாக இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அவர்களோடு விவரமும் போய்விடுகிறது என்பதுதான் அதில் அவர் சொன்ன குறை. அந்தத் திட்டம்தான் வலையாக வளர்ந்தது. 1993 ஏப்ரல் 30-ல் செர்ன் அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்குக் கொடுத்துவிட்டது. அத்தனை பெரிய நிறுவனத்திலும் உலகத்தின் முதல் வலைப்பக்கத்தை முதல் நாள் இருந்தபடி யாரும் எடுத்து வைக்கவில்லை. தினம் தினம் திருத்திக்கொண்டே இருந்தார்கள். 2013-ல் பழைய பிரதியைத் தேடி எடுத்து, பழைய முகவரியிலேயே மறுபடி நிறுவினார்கள். நடுவில் 1995-ல் வார்ட் கன்னிங்ஹாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற 'விக்கி' முறையைக் கொண்டுவந்தார். அதையும் புரோகிராமர்களின் குறிப்புகளைத் திரட்டத்தான் செய்தார். விக்கிப்பீடியாவெல்லாம் பிற்பாடு வந்தது.

நம் கதைக்கு வருவோம். நான் நம் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தது 1988 முதல் 1991 வரை. ஏ.சி. ரூம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஒரு மெஷினுக்கு மூணு பேர். ஃபிளாப்பியை ஏதோ பூஜைச் சாமான் மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போவோம். அப்போது நாங்கள் வேர்ட்ஸ்டாரில் அடித்து வைத்த குறிப்புகளை இன்று திறந்து பார்த்தால், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் ஏதோ கிறுக்கலாகத் தெரியும். சொல்லின் கடைசி எழுத்தில் தனக்கென்று ஓர் அடையாளக் குறி வைத்துக்கொள்வது வேர்ட்ஸ்டாரின் வழக்கம். அந்த வழக்கம் தெரிந்தவர்களுக்கு அதைச் சரிசெய்வது ஐந்து நிமிஷ வேலை. தெரியாதவர்கள் ஃபைல் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இண்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது. முதல் பட்டியலிலேயே சென்னை இருந்தது. நான் 1997-ல் என் குறிப்புகளை ஏற்றியது இலவசமாக இடம் கொடுத்த ஒரு சின்ன வெளிநாட்டு நிறுவனத்தில். சில வருஷத்தில், முப்பது நாளில் மூடப்போகிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. வீட்டில் ஃபிளாப்பியில் பிரதி இருந்ததால் வேறு இடத்துக்கு மாற்றினேன். இதுவரை நான்கு முறை வீடு மாறியாயிற்று. எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற மிகப் பெரிய இலவச இடத்தில் லட்சக்கணக்கானவர்கள் வீடு கட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டர் விஷயத்துக்கென்று அதில் 'சிலிக்கான் வேலி' என்று ஒரு பேட்டையே உண்டு. 1999-ல் யாஹூ அதை வாங்கியது, 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு கடைசி நாட்களில் ராப்பகலாக உட்கார்ந்து முடிந்தவரை பிரதி எடுத்தது. நாம் இன்று அங்கிருந்து பார்க்க முடிவதெல்லாம் இப்படிப் பிறத்தியார் எடுத்து வைத்த பிரதிகளே.

தமிழில் எழுதி வைத்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. அன்றைக்கு ஆளுக்கு ஒரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வரும். டிஸ்கி என்றார்கள், 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் டேம், டேப் என்றார்கள், தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல். என் பழைய தமிழ்க் குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஒரு புரோகிராம் எழுதினேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. பழைய முறையில் 'கெ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் 'க', கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். யூனிகோடில் முதலில் 'க', அப்புறம்தான் கொம்பு. 'கொ' என்றால் முன்னால் கொம்பு, நடுவில் 'க', பின்னால் கால். மூன்றையும் பொறுக்கி எடுத்து இரண்டாக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அந்தப் புரோகிராமும் இப்போது என் சேகரிப்பில் ஒரு குறிப்பு.

இதே தொல்லைகளோடு மல்லுக்கட்டித்தான் 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. ஸ்விட்சர்லாந்தில் இருக்கும் கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சங்க இலக்கியம் முதற்கொண்டு தட்டச்சிட்டு, இன்னொருவர் மெய்ப்புப் பார்த்து, இலவசமாக ஏற்றி வைத்தார்கள். அவர்கள் ஏற்றியது இலக்கியம், நான் ஏற்றுவது பிரிண்டர் விழுங்கிய கடைசி வரி. ஆனால் வேலை ஒன்றுதான். சுவடியைப் பிரதி எடுத்த பரம்பரைக்கு இது புதிதா என்ன?

இப்போது படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள்: "எதுக்கு சார் நோட்ஸ்? ஏ.ஐ. கிட்ட கேட்டா உடனே சொல்லிடுதே!" நியாயமான கேள்வி. நானும் தினம் கேட்கிறவன்தான். ஆனால் அது சொல்வதெல்லாம் யாரோ எங்கோ எழுதி வைத்ததைப் படித்துத்தான். உங்கள் ஆபீஸில் அந்த ஒரு மெஷினில் மட்டும் வரும் அந்த ஒரு கோளாறை நீங்கள் எழுதாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்? என் முறையைக் கேட்டால் சொல்கிறேன். ஒரு விஷயத்துக்கு ஒரு ஃபைல். வெறும் எழுத்து, அலங்காரம் கிடையாது. தலையில் வரிசை எண், தேதி, எந்த மெஷின், எந்த வெர்ஷன். பிழைச் செய்தியை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே எழுதிக்கொள்வேன். பிற்பாடு தேடும்போது அதைத்தானே அடிப்போம். ஆபீஸ் ரகசியம், பாஸ்வேர்டு எதுவும் வரக்கூடாது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று மேலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஆயிரம் குறிப்பைத் தாண்டிவிட்டது. பாதி இன்று யாருக்கும் உதவாது. இருக்கட்டும், எந்தப் பாதி என்பது முன்கூட்டித் தெரிவதில்லை.

அந்தச் சேகரிப்பில் மிக மதிப்புள்ளது நான் எழுதியதல்ல, எங்கள் லேப் சார் எழுதியது. என் காலத்தில் படித்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். மாணவர்கள் லேபில் செய்கிற பிழைகளை அவர் வருஷக்கணக்காகக் குறித்து வைத்து, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து எங்களுக்குக் கொடுத்தாரே, 'பிழைத் திரட்டு', அதுதான். 64 பக்கம். மெஷின் கொடுக்கிற செய்தி இங்கிலீஷில், உண்மையான காரணம் தமிழில். பாஸ்கலில் செமிகோலன் விட்டுப்போனால் மெஷின் அடுத்த வரியில்தான் அழும், ஆகவே ஒரு வரி மேலே பார் என்று எழுதியிருப்பார். கோபாலில் 'இஃப்' வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைக்காவிட்டால் என்ன ஆகும்? கம்பைலர் வாயே திறக்காது. அடுத்த புள்ளி வரும் வரை எல்லா வரியையும் அந்த 'இஃப்'க்குள் சேர்த்துக்கொண்டு, தப்பான சம்பளப் பட்டியலை அழகாக அச்சடித்துக் கொடுக்கும். "சத்தம் போடாத பிழைதான்டா ஆபத்து" என்பார். குனூத் தம் பட்டியலை அச்சிட்டது 1989-ல். எங்கள் கையில் சார் தம் பட்டியலைக் கொடுத்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வழியில்லை.

சார் இப்போது இல்லை. பழைய லேபை இடித்து மாற்றியபோது ஸ்டென்சில்களும் மிச்சப் பிரதிகளும் போய்விட்டன. என் பிரதியை வேலைக்குப் போகும்போது ஜூனியர் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். அது எத்தனை கை மாறிற்றோ. மூன்று வருஷம் விசாரித்து, கரூரில் ஒரு வகுப்புத் தோழர் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டிக்குள், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் ஒரு பிரதியைக் கண்டுபிடித்தோம். தாள் பழுத்துப்போய், மடித்தால் ஒடிகிறது. சாரின் மகளிடம் அனுமதி கேட்டேன். "அப்பா இருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்க, போடுங்கண்ணா" என்றார். ஸ்கேன் எடுத்து, டைப் அடித்து, ஏற்றியாயிற்று. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தார்கள். கோபாலைக் கண்ணால் பார்த்திராத அந்தப் பிள்ளைகள் பிழை கண்டுபிடித்த வேகத்தைப் பார்த்தால் சார் அவர்களையும் விட்டிருக்க மாட்டார்.

ஆனால் அந்தப் பிரதியில் நான்கு பக்கம் இல்லை. 36-ஆம் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது; அடுத்து இருப்பது 41. முதல் பக்கத்து உள்ளடக்கத்தைப் பார்த்தால் நடுவில் உள்ளது 'ஃபைல் பிழைகள்' என்ற பகுதி. 1986 முதல் 1993 வரை படித்தவர்கள் எல்லோருக்கும் சார் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார். தயவுசெய்து பழைய ரெக்கார்டு நோட்டுகளுக்கு நடுவில் ஒருமுறை தேடிப் பாருங்கள். சந்திப்பு அன்று காலை பதிவு மேஜைக்குப் பக்கத்திலேயே ஸ்கேனரோடு உட்கார்ந்திருப்பேன். அஞ்சு நிமிஷத்தில் தாளை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். கிழிந்திருந்தாலும் சரி, மழைத்தண்ணீர் பட்டிருந்தாலும் சரி, பின்பக்கத்தில் நீங்கள் யாருக்கோ கவிதை எழுதியிருந்தாலும் சரி, அதை ஸ்கேன் எடுக்க மாட்டேன். எனக்கு வேண்டியது 37, 38, 39, 40.